தேய்ந்த 1939 ரூபாயை கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

“நல்லாத் தேஞ்சி போயிருக்குதுங்க. அப்ப ஒரிஜினலாத்தான இருக்கும்?” தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய வெள்ளி ரூபாயைக் கையில் வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கேட்கிற தொனியில் வந்தாலும் அது கேள்வி இல்லை, உறுதியான நம்பிக்கை. தேய்ந்தால் பழசு, பழசென்றால் உண்மை. அடுத்த பேச்சு நேராக ஸ்லாப்புக்கு, அதாவது கிரேடிங் நிறுவனம் காசைச் சோதித்து, தரத்துக்கு ஓர் எண் போட்டு அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டிக்குப் போய்விடும்: அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் போட்டு வாங்கினால் எவ்வளவுக்குப் போகும், ஏஜென்ட் எவ்வளவு கேட்பார், எத்தனை மாதம் ஆகும். காசைத் தராசில் வைத்தீர்களா, லென்ஸில் பார்த்தீர்களா, விளிம்பைத் திருப்பிப் பார்த்தீர்களா என்றால் பெரும்பாலும் இல்லை. இந்தத் தாவல்தான் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தேய்ந்த அரிய காசை அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு, நடுவில் விட்டுப்போன அந்த வேலைக்குள்தான் இருக்கிறது.

கிரேடிங் எப்படி நடக்கிறது என்று இந்தப் பதிவைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 1 முதல் 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில், எண்ணுக்கும் பணத்துக்கும் உள்ள உறவு எல்லாப் படியிலும் ஒன்றல்ல. 1949-இல் வில்லியம் ஷெல்டன் அதை வகுத்தது அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட் காசுகளுக்காக. 70 தரக் காசு 1 தரக் காசைப் போல 70 மடங்கு விலை பெற வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சந்தையில் நிற்கவில்லை, அளவுகோல் மட்டும் நின்றுவிட்டது. இன்று புழக்கத்துக்கே போகாத காசில் ஒரு புள்ளி ஏறினால் விலை மடங்காக ஏறலாம். ஜி-4 (குட்), விஜி-8 (வெரி குட்), எஃப்-12 (ஃபைன்) என்று கீழ்ப்படிகளில் கிடக்கும் காசுக்கு அந்த எண் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முகம் எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்பது வாங்குபவர் கண்ணுக்கே தெரியும். தேய்ந்த காசுக்குக் கட்டணம் கட்டி நாம் வாங்குவது ஒரே ஒரு வரியைத்தான்: இது உண்மையான காசு, இதன் தேதியில் யாரும் கை வைக்கவில்லை. அந்த வரி தேவைப்படுகிற காசா இது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்திய ரூபாய்களில் அந்த வரி வேறு எதையும்விட அதிகம் தேவைப்படுவது 1939-க்கு.

நான்கு வருடத்தில் எவ்வளவு தேயும்?

ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயில் 1938, 1939 என்ற தேதிகள் கொண்டவை மட்டும்தான் பழைய நல்ல வெள்ளி. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, 11.66 கிராம் எடை, அதாவது சரியாக ஒரு தோலா. போர் வந்தது. 1940-லிருந்து ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1939 தேதியிட்டவற்றில் மக்கள் கைக்கு வந்தது மிகக் குறைவு, அதனால்தான் இதற்கு அதிக விலை. அதோடு நல்ல வெள்ளி ரூபாய்களை அரசு வரிசையாகத் திரும்பப் பெற்றது. முதலில் விக்டோரியா, பிறகு எட்வர்டு, 1943-இல் இரண்டு ஜார்ஜ்களின் பழைய வெள்ளியும் போயிற்று.

இப்போது கூட்டிப் பாருங்கள். 1939-இல் அச்சான ரூபாய் கைமாறிக்கொண்டே இருந்திருந்தாலும் அதற்குக் கிடைத்த காலம் அதிகபட்சம் நான்கு வருடம். ஒப்பிட்டுப் பார்க்க நம் ஊர்களில் சாதாரணமாகக் கிடைக்கும் 1917, 1918 ரூபாய்கள் இருக்கின்றன. இருபது, இருபத்தைந்து வருடம் சந்தையிலும் சுருக்குப்பையிலும் அடிபட்ட பிறகும், பல ரூபாய்களில் ஐந்தாம் ஜார்ஜின் தாடி மயிரும் மேலங்கி வேலைப்பாடும் ஓரளவு தெரிகின்றன. அப்படியிருக்க நான்கு வருடக் காசு ஒன்று கிரீடமும் காதும் ஒன்றாகி, முகம் வழுவழுவென்று மழுங்கி வந்தால், அது தேய்ந்தது எங்கே?

இந்த இடத்துக்கு வந்ததும் ஆரம்பத்து நம்பிக்கை தலைகீழாகிறது. மற்ற ரூபாய்களில் தேய்மானம் காசுக்குச் சாதகமான சாட்சி, 1939-இல் அதுவே முதல் சந்தேகம். நியாயமான காரணங்களும் உண்டு. காசுமாலையில் கோத்து இரண்டு தலைமுறை கழுத்தில் கிடந்திருக்கலாம். சாமி அறையில் வைத்து வெள்ளிக்கிழமை தோறும் துலக்கியிருக்கலாம். அதிர்ஷ்டக் காசென்று சட்டைப்பையிலேயே கிடந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தேய்மானத்துக்கும் தனித் தடம் இருக்கிறது. மாலையில் கிடந்தது உடம்பில் பட்ட பக்கம் ஒரு மாதிரியும் வெளிப்பக்கம் ஒரு மாதிரியும் தேயும், விளிம்பின் மேற்புறத்தில் வளையம் பற்றவைத்த அடையாளம் நிற்கும். துலக்கித் துலக்கித் தேய்ந்ததில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். இந்தத் தடம் எதுவுமே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே சீராக மழுங்கியிருந்தால், யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள் என்பதை ஒதுக்கிவிட முடியாது. தேய்த்தால் வார்ப்பில் வந்த மங்கலும், தேதியைத் திருத்திய கைவேலையும் மறையும்.

கையில் பட்டுத் தேய்வது மேடான இடத்தில்தான் ஆரம்பிக்கும். கிரீடத்தின் முகடு, காது, புருவம், விளிம்பு என்று உயரமானவை முதலில் போகும், எழுத்துகளின் அடிவாரமும் பள்ளமும் கூர்மையாகவே இருக்கும், அங்கே பழைய அழுக்கும் தங்கியிருக்கும். அச்சு எடுத்து வார்த்த காசில் மங்கல் எல்லா இடத்திலும் ஒரே அளவு, பள்ளத்துக்குள்ளும் அதே மொழுமொழுப்பு. எழுத்து தளத்திலிருந்து எழும்பும் மூலை செங்குத்தாக இல்லாமல் உருண்டு இருக்கும். தளத்தில் குண்டூசி முனை போன்ற குழிகள் இருக்கும். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பழக, 1938-க்கு முந்தைய மலிவான ஜார்ஜ் ரூபாய் நான்கைந்தை வாங்கி வைத்து ஒரு மாதம் லென்ஸில் பார்த்தால் போதும். கிரேடிங் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

எடையும் தண்ணீரும்

இதற்கு வேண்டியது 0.01 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு, கண்ணாடி டம்ளர், தையல் நூல். தராசு சரியா என்று பார்க்க, 2011-லிருந்து 2018 வரை தேதியிட்ட, அதிகம் தேயாத ஐந்து ரூபாய் காசு இரண்டை வையுங்கள். ஒன்று 6 கிராம், இரண்டும் சேர்ந்து 12 கிராமையொட்டிக் காட்ட வேண்டும். பிறகு காசைத் தனியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் 11.66-ஐ ஒட்டி வரும். தேய்ந்தது சற்றுக் குறையும், அது இயல்பு. எடை அதிகமாக இருக்கவே கூடாது. 11.9 காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம், தேய்ந்த காசு கனமாவதில்லை. முகம் முழுக்க மழுங்கியும் எடை துளிகூடக் குறையாமல் 11.66 நின்றாலும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது அடர்த்தி. டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, நூலை நீங்கள்தான் பிடித்திருக்க வேண்டும். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காற்றில் எடுத்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 91.7 வெள்ளிக்கு 10.3-ஐ ஒட்டி வர வேண்டும், அதாவது 11.5 கிராம் காசு சுமார் 1.11 கிராம் தண்ணீரை ஒதுக்கும். பாதி வெள்ளி ரூபாய்க்கு 9.5 அளவில் வரும். ஜெர்மன் சில்வர், பித்தளை வகையறா 8.5-லிருந்து 8.9-க்குள் நின்றுவிடும். ஈயம் கலந்து கனம் ஏற்றியதென்றால் 10.5-ஐயும் தாண்டிப் போகலாம். இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் காற்றுக் குமிழியால். காசின் மேல் ஒட்டிய ஒரு குமிழி முடிவை 0.1, 0.2 இழுத்துவிடும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் குமிழி ஒட்டாது. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்க வேண்டாம்.

இந்தச் சோதனை எதைப் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உண்மையான 1938 ரூபாயின் கடைசி எண்ணைத் திருத்தி 1939 ஆக்கியிருந்தால் எடையும் சரி, அடர்த்தியும் சரி, ஓசையும் சரி. நல்ல வெள்ளியிலேயே வார்த்த போலியும் அடர்த்தியில் தேறிவிடும். நகைக்கடை மெஷினில் வைத்தால் வெள்ளி எத்தனை சதவீதம் என்று வரும், அது மேல்தோலைத்தான் படிக்கிறது. காசைக் கல்லில் தட்டி ஓசை கேட்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். விளிம்பில் விழும் ஒரு நெளிவு விலையைத் தின்றுவிடும்.

கடைசி ஒன்பது

1939-இல் இரண்டு ஒன்பது இருப்பது நமக்குக் கிடைத்த வரம். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸை எடுத்து, நூற்றாண்டைச் சொல்லும் ஒன்பதையும் கடைசி ஒன்பதையும் மாறி மாறிப் பாருங்கள். வளையத்தின் அகலம், வால் வளையும் விதம், தடிமன், தளத்திலிருந்து எழும் உயரம், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 8-ஐ 9 ஆக்க, கீழ் வளையத்தின் இடப்பக்கத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கிய இடத்தில் தளம் அரை மயிரளவு பள்ளமாகவோ, மற்ற இடத்தைவிட மினுமினுப்பாகவோ இருக்கும். காசைச் சாய்த்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டார்ச் அடித்தால் அந்தத் திட்டு நிழலாகக் காட்டிக்கொடுக்கும். வேறு காசிலிருந்து வெட்டி ஒட்டிய எண்ணாக இருந்தால் அடிவாரத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும். முக்கியமாக, தேய்மானம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 1, 9, 3 மூன்றும் மழுங்கிக் கடைசி 9 மட்டும் கூர்மையாக நின்றால் அது அந்த மூன்றோடு சேர்ந்து வாழ்ந்த எண் இல்லை.

பிறகு விளிம்பு. 1938, 1939 ரூபாய்களின் விளிம்பில் நேர்க்கோடுகள் மட்டும் இருக்கும். 1940-லிருந்து போலியைத் தடுக்க விளிம்பின் நடுவில் ஒரு பள்ளமும் அதற்குள் வேலைப்பாடும் சேர்த்தார்கள். உங்கள் 1939-இல் அந்த நடுப்பள்ளம் இருந்தால் அது 1939 இல்லை. வார்த்த காசென்றால் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த தையல் விளிம்பைச் சுற்றி வரும். அதை அரத்தால் தேய்த்து மறைத்தாலும் கோடுகள் சில இடத்தில் மட்டும் மழுங்கியிருப்பது தெரியும். விளிம்பைப் பார்க்காமல் முன்பக்கம், பின்பக்கம் மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை கேட்பதால் எந்தப் பயனும் இல்லை.

புளி, விபூதி, பத்தரின் அரம்

நம் இரண்டு மாவட்டத்திலும் புளிக்குப் பஞ்சமில்லை. பழைய காசு என்றதும் வீட்டில் முதலில் நடப்பது புளி போட்டுத் துலக்குவது. செம்பில் புளியின் அமிலம் பல வருடமாகப் படிந்த பழுப்புத் தோலைக் கரைத்துவிட்டு, பச்சை மாமிசம் போன்ற இளஞ்சிவப்பை வெளியே கொண்டுவரும். அந்தத் தோல் திரும்ப வளர்ந்தாலும் பழைய நிறம் வராது. வெள்ளியில் புளியைவிடக் கேடு செய்வது விபூதி. நைசாக இருந்தாலும் அது அரைக்கும் பொருள்தான். சாமிக்கு வைக்கும் காசை விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மின்ன வைப்பார்கள். லென்ஸில் பார்த்தால் தளம் முழுக்க முடி போன்ற கீறல்கள். கிரேடிங் நிறுவனம் இதற்கு எண் கொடுக்காது. ‘டீடெயில்ஸ்’ என்று எழுதி, கிளீன் செய்யப்பட்டது என்ற காரணத்தையும் லேபிளில் அச்சடித்துவிடும். வளையம் வைத்துப் பிரித்தது, ஓட்டை போட்டு அடைத்தது, விளிம்பை அரத்தால் தேய்த்தது எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தேய்ந்த 1939-க்கு நாம் கேட்பதே உண்மைச் சான்று என்றால், டீடெயில்ஸ் லேபிளும் அதைச் சொல்கிறது. எண்ணுக்காக அனுப்பியவருக்குத்தான் ஏமாற்றம்.

மஞ்சளும் குங்குமமும் வேறு விஷயம். அவை மேலே ஒட்டியவை, உலோகத்தைத் தின்றவை அல்ல. சுத்தமான அசிட்டோனைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை அரை மணி நேரம் போட்டு வைத்தால் மஞ்சள் சாயமும் எண்ணெய்ப் பிசுக்கும் கரையும். பழைய பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒட்டிய பச்சைப் பிசினும் போகும். வெள்ளி அசிட்டோனோடு வினைபுரியாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் வேறு சேர்மானங்கள் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும், சீக்கிரம் தீப்பிடிக்கும். எடுத்துச் சுத்தமான அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, தானாகக் காயவிட வேண்டும். பஞ்சு, பிரஷ், விரல் எதுவும் படக்கூடாது.

பத்தரிடமோ அடகுக் கடையிலோ காட்டும்போது ஒரே ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: உரைக்க வேண்டாம். வெள்ளியா என்று பார்ப்பது அவர்கள் தொழில், அதற்காக விளிம்பில் அரம் போடுவதும் உரைகல்லில் இழுப்பதும் பழக்கம். அந்த ஓர் இழுப்பு வாழ்நாள் தழும்பு.

நூறு வருடக் கோடு

1939-க்காகச் சொன்ன வழி பக்கத்து டப்பாவில் இருக்கும் 1911-க்குப் பொருந்தாது. பன்றி ரூபாய் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் காசில், ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு வந்தது. அச்சடித்த சுமார் 94 லட்சத்தில் ஏறத்தாழ 7 லட்சம்தான் வெளியே போனது, மீதி உருக்கப்பட்டது. யானையைத் திருத்தி 1912-இல் வந்தது. தேய்ந்த காசில் அந்த யானையே மறைந்துவிடும், ஆனாலும் பாதகமில்லை. ரூபாயில் 1911 என்ற தேதி தெரிந்தாலே அது பன்றி ரூபாய்தான். புழங்க முப்பது வருடம் இருந்ததால் அது தேய்ந்திருப்பதிலும் வியப்பில்லை.

ஆனால் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், நூறு வருடத்துக்குக் குறையாத நாணயத்தையும் தொல்பொருள் என்கிறது. தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கோ, அது அனுமதித்த அமைப்புக்கோ மட்டும்தான் உரிமை. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. கிரேடிங் முடிந்து திரும்பி வந்துவிடும் என்பது சமாதானம் ஆகாது, எல்லை தாண்டுவதே குற்றம். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று ஏஜென்ட் சொன்னால், அந்தப் பேச்சோடு பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. பார்சலில் போகும் காசு உங்களுடையது.

கிருஷ்ணகிரி மலையடிவாரத்திலும் பாராமகால் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) கோட்டைகளைச் சுற்றியும் மழைக்குப் பிறகு கிடைக்கும் திப்புவின் யானைக் காசுகளுக்கும் இதே கோடுதான், அதைவிடக் கடுமையாக. 1792 வரை இந்த நிலம் மைசூரோடு இருந்ததால் அவை இங்கே அபூர்வம் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து எடுத்ததென்றால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. மதிப்பு பத்து ரூபாய்க்கு மேலிருந்தாலே என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏர் ஓட்டும்போதோ ஏரி தூர்வாரும்போதோ பானையோடு கிடைத்ததைக் கழுவிப் பிரித்து விற்பவர்கள் சட்டத்தை மீறுவதோடு, எந்தக் காசு எதோடு கிடந்தது என்ற வரலாற்றையும் அழிக்கிறார்கள். அது மனதுக்கு வலிக்கிற விஷயம். தேய்ந்த யானைக் காசில் பாரசீக எழுத்து போய்விட்டால் எந்த ஊர் அக்கசாலை (காசு அச்சடித்த இடம்) என்பதும் போய்விடும், பிறகு ஸ்லாப் போட்டாலும் ‘திப்பு, பைசா’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது. என்ன காசு என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை என்றால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேட்கலாம். விலை சொல்வது அவர்கள் வேலை இல்லை.

பத்துக்கு ஏழு

எடை, அடர்த்தி, லென்ஸ், விளிம்பு எல்லாம் தேறிய 1939 கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் கணக்கு. கீழே வருவன புரிவதற்காக வைத்த எண்கள், சந்தை விலை இல்லை. ஸ்லாப் இல்லாமல் 20,000 கேட்கிறார்கள். டீடெயில்ஸ் லேபிளோடு 40,000 போகும். கிரேடிங் கட்டணம், ஏஜென்ட் கமிஷன், போக வர இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 8,000 ஆகிறது. போலி என்று திரும்பி வந்தால் பெட்டியும் கிடைக்காது, கட்டணமும் திரும்பாது, மிஞ்சுவது வெள்ளியின் விலை. அப்படியானால் அனுப்புவது லாபமாக வேண்டுமானால் 28,000-ஐ 40,000-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது பத்துக்கு ஏழு பங்கு, காசு உண்மை என்று நீங்கள் நம்ப வேண்டும். வீட்டில் செய்த ஒவ்வொரு சோதனையும் இந்த நம்பிக்கையை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. சோதனை எதுவும் செய்யாமல் அனுப்புகிறவர் எட்டாயிரத்தைப் பந்தயத்தில் வைக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பத்துக்கு ஏழு பங்குகூட உங்களுக்கே நம்பிக்கை இல்லாத காசை, அனுப்பாமல் 20,000-க்கு இன்னொருவர் தலையில் கட்டுவது சரியில்லை. “சந்தேகம் இருக்கிறது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி விற்றால் விலை இறங்கும். இறங்கட்டும்.

விற்கும் எண்ணமே இல்லை, தாத்தா வைத்துவிட்டுப் போனது, வீட்டிலேயே இருக்கட்டும் என்பவருக்கு கிரேடிங் தேவையில்லை. ஒரே விதிவிலக்கு பாகப்பிரிவினை. நான்கு பிள்ளைகளில் யாருக்கு அந்தக் காசு, அதற்கு ஈடாக மற்றவர்களுக்கு என்ன என்ற பேச்சு வரும்போது, ஸ்லாப்பில் இருக்கும் காசு சண்டையைக் குறைக்கும்.

அனுப்புவதென்று முடிவானால் கவனிக்க வேண்டியவை சில. 1939 இன்னும் நூறு வருடத்தைத் தொடவில்லை என்றாலும், வெளியே போகும் பார்சலில் பழைய நாணயம் இருந்தால் கேள்வி வரும். இந்தியத் தொல்லியல் துறையிடமிருந்து ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கி வைப்பது பாதுகாப்பு. கட்டணம் நீங்கள் அறிவிக்கும் மதிப்போடு படிப்படியாக ஏறும் என்பதால் குறைத்து எழுதத் தோன்றும். தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான். பல கூரியர் நிறுவனங்களின் நிபந்தனையில் நாணயம் ஏற்கப்படாத பொருள், இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தாலும் பணம் வராது, அதனால் நிபந்தனையைப் படித்த பிறகே ஒப்படைக்க வேண்டும். பெங்களூருவிலோ சென்னையிலோ ஏஜென்டிடம் நேரில் கொடுப்பது மேல், ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு பக்கம்தான். கொடுக்கும்போது ரசீதில் காசின் எடையை 0.01 கிராம் வரை எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிகிற படங்களை அவர் எதிரிலேயே எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். திரும்பி வரும்போது சுங்க வரி விழுந்தால் யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்லாப் கைக்கு வந்ததும் லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் உங்கள் காசின் கீறல்களோடு ஒப்பிடுங்கள், போலி ஸ்லாப்களும் புழங்குகின்றன.

அனுப்பாமல் வைத்திருப்பதென்றால் ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் கூடாது, ரப்பரிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். நெளுநெளுப்பான பிளாஸ்டிக் கவர் கூடாது, நாளடைவில் பச்சைப் பிசினை விடும். மைலார் என்ற தெளிவான பாலியெஸ்டர் தாளில் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர் போதும். அதன் மேல் எடை, அடர்த்தி, பார்த்த தேதி மூன்றையும் பென்சிலில் எழுதி வைத்தால் அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. 2039 பிறந்துவிட்டால் 1939 ரூபாயும் கோட்டைத் தாண்டித் தொல்பொருளாகிவிடும். அதற்குப் பிறகு வெளிநாட்டு ஸ்லாப் என்ற பேச்சே இல்லை.